சிக்காகோ ஆர்கன் வந்த வருஷம்

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. ஆபீசில் பிரிண்டர் மூன்று தடவை மக்கர் செய்தது, ஸ்பீடு போஸ்ட் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மதியத்துக்கு ஜினிஷா பொரித்துக் கொடுத்துவிட்ட சாளை மீன் நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மருமகளாக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பாராட்டையெல்லாம் இப்போதே கொடுத்துத் தீர்த்துவிட்டால் பிறகு பேச என்ன இருக்கும்?

நாலு மணிக்குக் குமாரதாஸ் அண்ணன் கவுண்டருக்கு வந்தார். எங்கள் கோயில் பாடகர் குழுவின் மாஸ்டர். தபால் வேலை ஒன்றும் இல்லை, செய்தி சொல்ல வந்திருக்கிறார். சிக்காகோவில் இருக்கும் அவருடைய தம்பி ஒரு பழைய எலெக்ட்ரிக் ஆர்கனைக் கோயிலுக்கு அனுப்பியிருந்தார். அது தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். அதைச் சொல்லி முடித்து, என் மேசையில் இருந்த பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "பின்ன ஜெபகனி, இந்தக் கேரல் சர்வீசுக்கு இளம்பிள்ளைகளுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும், என்ன?" என்றார்.

இளம்பிள்ளைகள் என்று பொதுவாகச் சொன்னாலும் ஆள் ஒன்றுதான். என் வீட்டில் சாளை பொரிக்கிறவள்.

கிறிஸ்துமஸ் கேரல் சர்வீசில் நாலாம் சரணத்துத் தனிப்பாட்டு இருபத்தாறு வருஷமாக என்னுடையது. போன டிசம்பரில் அதன் உச்ச ஸ்வரத்துக்குப் போனபோது குரல் உடைந்தது. உடைந்தது என்று எழுதுவது மரியாதைக்கு. கோழியை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. உடனே கோயில் முழுக்க இருமல். என் மானத்தை மறைக்க ஐந்நூறு பேர் சேர்ந்து இருமினார்கள். அந்த இருமல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட நான் பாடவில்லை. ஐம்பத்தாறு வயதில் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்ல?

செப்டம்பர் 14, சனி

ஆர்கன் வந்தது. மினி லாரியிலிருந்து இறக்க பன்னிரண்டு பேர், யோசனை சொல்ல நாற்பது பேர். பார்க்க ஒரு பெரிய தேக்கு மேசை. இரண்டு வரிசைக் கட்டைகள், காலால் மிதிக்கக் கீழே இன்னொரு வரிசை. சிக்காகோவில் அது இருந்த சபையை மூடிவிட்டார்களாம்.

இன்றைய ராஜா இவர்தான், என் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் லைன் வேலை பார்த்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிட்டயர் ஆன மனுஷர். அதற்குப் பிறகு இவர் சொல்லி நாலு பேர் விலகி நின்றது இன்றைக்குத்தான். ஆர்கனின் முதுகில் இருந்த தகட்டில் யாரோ வார்னிஷ் பூசி எழுத்தெல்லாம் மறைந்திருந்தது. 117 என்பது மட்டும் தெரிந்தது. "நூத்திப்பதினேழு வோல்ட்டு. நமக்க இருநூத்திமுப்பதுல மாட்டினா பொகஞ்சு போவும். டிரான்ஸ்பார்மர் வேணும்" என்றார். "ஞானையண்ணன் இருக்கும்போ நமக்கு என்ன கவல?" என்று குமாரதாஸ் அண்ணன் சொன்னார். அப்போது இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் மிக்சி ஒயர் அறுந்து மூன்று நாளாகிறது. அதைப் பார்க்க ராஜாவுக்கு நேரமில்லை.

செப்டம்பர் 21, சனி

மார்த்தாண்டத்தில் சொல்லிச் செய்த டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. இவர் மீட்டரை வைத்துப் பார்த்து, "கரெக்டா நூத்திப்பதினேழு" என்று அறிவித்தார். பாடகர் குழு கைதட்டியது.

இதை ஓடவைப்பதே ஒரு ஆராதனை. ஸ்டார்ட் சுவிட்சை எட்டு எண்ணும்வரை பிடித்திருந்து, பிறகு ரன் சுவிட்சையும் சேர்த்துப் போட வேண்டுமாம். உள்ளே ஒரு மோட்டார் சுற்றி, அது வரிசையாகச் சக்கரங்களைச் சுற்றி, அதிலிருந்துதான் சத்தம் பிறக்கிறதாம். கோயில் வேலைகளைப் பார்க்கும் சிஜின் கண்ணை மூடிக்கொண்டு எட்டு எண்ணினார். குமாரதாஸ் அண்ணன் முதல் கட்டையை அழுத்தினார்.

சத்தம் நேராக வயிற்றில் போய் உட்கார்ந்தது. அத்தனை கனம். எலி கடித்த எங்கள் பழைய மிதி ஆர்கன் எப்போதும் மேலே நின்று கீச்சிடும், அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதுசாக இருந்தது. "அமெரிக்காவுக்க நாதம் இதுதான். அவங்க நெஞ்சுலருந்து பாடுவாங்க" என்று குமாரதாஸ் அண்ணன் விளக்கம் சொன்னார். அவர் நாகர்கோவிலுக்கு அப்பால் போனது வேளாங்கண்ணிக்கு மட்டும்தான்.

ஜினிஷா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமி. நல்ல சவுண்டு" என்றாள்.

செப்டம்பர் 28, சனி

வந்துவிட்டது.

இன்று பயிற்சியில் நாலாம் சரணம் வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் வாயை மட்டும் அசைக்கலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் ஆர்கன் கூடவே வந்தது, ஒரு படி ஏறினேன், இன்னொரு படி ஏறினேன், உச்சத்தில் போய் நின்றேன். உடையவில்லை. நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன், குமாரதாஸ் அண்ணன்தான் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "ஜெபகனி, என்ன மருந்து சாப்பிடுத?" என்றார். திப்பிலியும் தேனும் என்றேன். இரண்டு வாரமாகச் சாப்பிடுவது உண்மைதான்.

வீட்டுக்கு வரும் வழியில் தேங்காய்ப்பட்டணத்து மீன்காரரிடம் நெய்மீன் வாங்கினேன். விலையைக்கூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, லீவு. ஜினிஷாவும் திருவனந்தபுரத்துக்கு, டெக்னோபார்க் வேலைக்குப் போகவில்லை. அவளுடைய கீபோர்டில் பாடிப் பார்க்கலாம் என்று கேட்டேன். "இருங்க மாமி, செட் பண்ணித் தரேன்" என்று ஏதோ இரண்டு பொத்தானை அழுத்திவிட்டுத் தந்தாள். அதிலும் வந்தது. மூன்று தடவை வந்தது.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, திப்பிலி சாப்பிடு, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடு என்று அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் செரி மாமி, செரி மாமி என்றாள். நல்ல பிள்ளை. சாளையைப் பற்றியும் இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் கோயிலில் ஆண்கள் பாட்டுப் புத்தகத்தைக் காற்று வீசத்தான் எடுத்துவருவார்கள். இன்று அத்தனை பேரும் பாடினார்கள். கடைசி பெஞ்சில் செருப்புக்குக் காவல் இருப்பவர்கள்கூடப் பாடினார்கள். ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் ஆர்கனைத் தொட்டுப் பார்த்து, சிக்காகோ தம்பிக்கு நன்றிக் கடிதம் எழுதத் தீர்மானித்தார்கள். குமாரதாஸ் அண்ணன் அந்தத் தம்பியைத் தானே பெற்றது போல நின்றார்.

அக்டோபர் 13, ஞாயிறு

இவருக்குத் தொண்டை போய்விட்டது. எனக்கு வந்ததும் இவருக்குப் போனதும் ஒரே நேரம்.

இவர் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல். கடைசி வரிசை, கம்பம் மாதிரி நிற்பார். இன்று கீழ் ஸ்வரம் வரும்போதெல்லாம் வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். வழியில், "எனக்கு அடியில தர தட்டுது, கேட்டியா? முன்ன இப்படி இல்ல" என்றார். விட்டேனா? "ரிட்டயர் ஆனவங்களுக்குக் கீழ்ஸ்தாயியும் பென்ஷன்ல போயிரும்" என்றேன். திப்பிலி வேண்டுமா என்றும் கேட்டேன். சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 19, சனி

குமாரதாஸ் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். டிசம்பர் இருபத்திரண்டு கேரல் சர்வீஸ், நாலாம் சரணம் ஜெபகனி. இளம்பிள்ளைகளுக்குச் சான்ஸ் பற்றிப் பேச்சே இல்லை. ஜினிஷாதான் முதலில் கைதட்டினாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

கேக்குக்கு முந்திரி, கிஸ்மிஸ் ஊறப்போட்டாயிற்று. இவர் பாடகர் குழுவில் நிற்காமல் சபையோடு உட்கார்ந்துகொண்டார். கேட்டதற்கு முட்டு வலி என்றார்.

நவம்பர் 9, சனி

கர்வப்பட்டேன், சரியாகக் கிடைத்தது.

பயிற்சி நடுவில் கரண்டு போனது. ஆர்கன் பெருமூச்சு விட்டுக்கொண்டே கீழே இறங்கி நின்றது. இவர் வரவில்லை, வாழைக்கு உரம் வைக்க வேண்டுமாம். சிஜின் ஜெனரேட்டரைப் போட்டார். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று பெண்கள் முனகியதும் வெளியே போய் ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார். ஃபேன் பறந்தது. எட்டு எண்ணி ஆர்கனை மறுபடியும் ஓட்டினார்கள். சத்தத்தில் ஏதோ வித்தியாசம், கொஞ்சம் துடுக்காக இருந்தது. "மிஷின் சூடாயிட்டுப் போல" என்றார் குமாரதாஸ் அண்ணன். "நாலாம் சரணம், ஜெபகனி."

போன வருஷத்துக் கோழி திரும்ப வந்தது.

எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜினிஷா விறுவிறுவென்று போய் ஜன்னலைச் சாத்தினாள். "ஜெனரேட்டர் புகை உள்ள வருது. மாமிக்கு ஆகாது" என்றாள். காற்று அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது, புகை கொஞ்சம்கூட உள்ளே வரவில்லை. இருந்தாலும் நானும் இருமி வைத்தேன்.

புகைதானா? வேறென்ன?

நவம்பர் 12, செவ்வாய்

இன்று சிக் லீவு. நிஜமாகவே காய்ச்சல் மாதிரி இருந்தது. ஜினிஷா திருவனந்தபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் கீபோர்டை அணைக்காமல் போய்விட்டாள். அணைக்கலாம் என்று போனேன். சின்னத் திரையில் −3 என்று இருந்தது. பக்கத்தில் கூட்டல் பொத்தான். மூன்று தடவை அழுத்தினேன். பூஜ்யம் வந்தது. என் பாட்டின் முதல் ஸ்வரத்தை அழுத்திப் பார்த்தேன். மேலே போயிருந்தது. மூன்று படி மேலே.

பாடிப் பார்த்தேன். வீட்டில் பூனை மட்டும்தான். அதுவும் எழுந்து போய்விட்டது.

சாயங்காலம் ஜினிஷா வந்து சாயா குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் கேட்டேன், இந்த மைனஸ் மூணு என்னது என்று. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கோயில் ஆர்கன் மூணு படி கீழ இருக்கு மாமி. ஏன்னு எனக்கும் தெரியல. வீட்டுலயும் அதே மாதிரி இருக்கட்டும்னுதான் வச்சேன்."

"எப்பலருந்து தெரியும்?"

"முதல் நாளே."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க நெய்மீன் வாங்கிட்டு வந்த அன்னைக்கு, பாடிக்கிட்டே மீன் கழுவுனீங்க. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து நீங்க பாடி அதுவரைக்கும் கேட்டதில்ல."

கோபப்பட இடம் தேடினேன், கிடைக்கவில்லை. என் குரல் திரும்பி வரவே இல்லை. பாட்டுதான் இறங்கி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. இதற்கு இரண்டு மாதம் திப்பிலி. இந்தப் பிள்ளைக்கு நான் மூச்சுப் பயிற்சி வேறு சொல்லிக்கொடுத்தேன்.

"யாருட்டயும் சொல்லாத. டிசம்பர் இருபத்திரண்டு வர" என்றேன். தலையாட்டினாள்.

நவம்பர் 16, சனி

பாத்திரம் கழுவும்போது ஒன்று தோன்றியது. பாட்டு மூன்று படி இறங்கியதால்தான் எனக்கு உச்சம் எட்டியது என்றால், இவருக்கு அடி எட்டாததும் அதனால்தானே? தொண்டையில் குறை ஒன்றும் இருக்காதே?

தோன்றியதை அங்கேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். ஒரு மாதம்தானே. அப்புறம் சொன்னால் போயிற்று. முட்டு வலி என்றுதானே இவரும் சொல்கிறார்.

நவம்பர் 18, திங்கள்

இவர் இப்போதெல்லாம் வெந்நீர்தான் குடிக்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. சவுதியில், தம்மாமிலிருந்து அபினேஷ் கூப்பிட்டபோதுகூட மகனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தந்துவிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

நிறுத்தாமல் எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் இருக்கும்.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு சீட்டு. நாகர்கோவில் ஆஸ்பத்திரி, தொண்டை டாக்டர். நாளைக்குப் பத்தரை மணிக்குக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். கூட வருபவர் என்ற இடத்தில் யார் பெயரும் இல்லை.

மாமா, இவருடைய அப்பா, தொண்டைப் புற்றுநோயில் போனவர். குரல் மாறியதுதான் முதலில். அது எனக்குத் தெரியும். கல்யாணமான ரெண்டாம் வருஷம் நான்தானே கஞ்சி கரச்சுக் குடுத்தேன். தெரிஞ்சும் பென்ஷன்ல போயிட்டுன்னு கேலி பேசினேன். அதாச்சும் அறியாம பேசினது. ஆர்கன் எறங்கிக் கெடக்குன்னு தெரிஞ்ச இந்த ஒம்பது நாளு? அறிஞ்சுல்லா இருந்தேன். ஒரு பாட்டுக்காக, நாலாவது சரணத்துக்காக. எனக்கு வெக்கமா இருக்கு. இத விடப் பெரிய வார்த்த தெரியல்ல.

வீட்டுக்குப் பின்னால் போனேன். இவர் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டை மடியில் வைத்தேன். பார்த்துவிட்டு, "உனக்கு வெப்ராளம் வரும், பதறிப்போவன்னுதான் சொல்லல்ல" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மைனஸ் மூணு, கோழி, ஜினிஷா, எல்லாம். இவர் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜெனரேட்டர்ல ஓடும்போ சத்தம் மேல போச்சா?"

"போச்சு. சிஜின் வேகத்தக் கூட்டினான்."

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சைக்கிளு" என்றார்.

எந்த சைக்கிள் என்று கேட்டேன். "கரண்டு ஒரு செகண்டுல எத்தன தடவ ஆடுதோ, அந்தக் கணக்குலதான் அந்த மோட்டார் சுத்தும். அமெரிக்காவுல அறுவது. நமக்க இஞ்ச அம்பது. ஆறு சுத்து வரவேண்டிய எடத்துல அஞ்சுதான் வருது. பின்ன சத்தம் கீழ எறங்காம என்ன செய்யும்? டிரான்ஸ்பார்மர் வோல்ட்டத்தான் கொறைக்கும், சைக்கிளத் தொடாது. நான் வோல்ட்டப் பாத்தேன். சைக்கிளப் பாக்கல்ல." ஸ்குரூ டிரைவரை மறுபடி எடுத்து, "முப்பத்துநாலு வருசம் நான் தொட்ட கரண்டு பூரா அம்பதுதான். அறுவதுன்னு ஒண்ணு உண்டுன்னு படிச்சதோட செரி" என்றார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோளெல்லாம் குலுங்கியது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்பாவத்தான் நினச்சுக்கிட்டு கெடந்தேன், கேட்டியா. ராத்திரி பூரா" என்றார். நான் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள் தெரிந்தும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

"ஒம்பது நாளா? உங்க சாதாத் தபாலுகூட அதுக்கு முன்ன வந்திருமே" என்றார்.

மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கூட வருபவர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதினேன். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்கு. என்ன தொந்தரவுன்னு வந்தீங்க?" என்றார். "கரண்டுதான் டாக்டர்" என்றார் இவர். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்து இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டோம்.

நவம்பர் 23, சனி

குமாரதாஸ் அண்ணனிடம் நானே சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஜினிஷா போனில் ஸ்வரத்தைக் காட்டும் ஒரு கருவியைத் திறந்து காட்டினாள். அவர் அழுத்தியது ஒரு ஸ்வரம், அது காட்டியது வேறு. "அப்போ அமெரிக்காவுக்க நாதம்?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. "அது சிக்காகோவுலயே இருக்கு அண்ணே" என்றேன்.

நவம்பர் 30, சனி

மார்த்தாண்டத்தில் யூபிஎஸ் பழுது பார்க்கும் ஸ்ரீஜித்தை இவர் கூட்டிவந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துப்போட்ட பெரிய யூபிஎஸ். உள்ளே ஐம்பது போனாலும் வெளியே அறுபது வரும்படி அதில் வைக்கலாமாம். இரண்டு பேரும் அரை நாள் ஆர்கனுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தார்கள். இந்தத் தடவை இவர் மீட்டரில் இரண்டையும் பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார், என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

எட்டு எண்ணினார்கள். ஆர்கன் தன் சொந்த உயரத்தில் நின்றது. அழகாகத்தான் இருந்தது, சொல்லக்கூடாதா என்ன?

டிசம்பர் 1, ஞாயிறு

கலகம். முதல் பாட்டு பழைய உயரத்துக்கு ஏறியது, இரண்டாம் வரியிலேயே ஆண்கள் பக்கம் சத்தம் நின்றுபோனது. புத்தகங்கள் விசிறியாயின. ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் குமாரதாஸ் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆர்கனை எதற்குக் கெடுத்தீர்கள்? யாரைக் கேட்டு ரிப்பேர் செய்தீர்கள்? பழையபடி ஆக்கித் தரவேண்டும். இவர் சைக்கிளைப் பற்றி விளக்கினார். ஒரு மூப்பர், "அதெல்லாம் இருக்கட்டும் ஞானையா, எங்க சைக்கிளை எங்களுக்குத் தா" என்றார்.

அபினேஷிடம் போனில் சொன்னேன். தம்மாமிலும் அறுபதுதானாம். "அங்க அனுப்பிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லம்மா" என்றான். தம்மாமுக்கு ஆர்கன் அனுப்பச் சொல்கிறான், என் மகன்.

டிசம்பர் 8, ஞாயிறு

சமாதானம் ஆகிவிட்டது. யூபிஎஸ்ஸின் நெற்றியில் சிஜின் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: சபைப் பாட்டு 50, பாடகர் பாட்டு 60. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, மாற்றி, எட்டு எண்ண வேண்டும். போதகர் அந்த இடைவெளியில் அறிவிப்புகளை வாசித்துவிடுகிறார். வேறு எந்தச் சபையிலாவது இப்படி உண்டா?

ஆராதனை முடிந்ததும் குமாரதாஸ் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஜெபகனி, கேரல் அன்னைக்கு உனக்க பாட்டுக்கு மட்டும் அம்பதுல வச்சிரலாம். யாருக்குத் தெரியப் போவுது? உனக்க பாட்டு உனக்குத்தான்" என்றார். நல்ல மனுஷர். நோட்டைப் பார்த்துத்தான் வாசிப்பார், அதை மூன்று படி இறக்கி வாசிக்க அவருக்கு வராது. ஆனால் எனக்காக ஆர்கனையே இறக்கத் தயாராக இருக்கிறார்.

சந்தோஷத்தில் வீடு வரை நடந்தே வந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

தூக்கமில்லை. ஆபீசில் ஒரு பார்சலுக்கு இரண்டு தடவை ஸ்டாம்பு ஒட்டினேன்.

அந்தச் சரணத்தில் நான் உச்சத்தில் நிற்கும்போது கீழே பேஸ் ஒரே ஸ்வரத்தில் நிற்கும். புத்தகத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக என் வரியை மட்டும் பார்த்தவள், இப்போதுதான் கண்ணைக் கீழ் வரிக்கு இறக்குகிறேன். அது இவருடைய ஆகக் கீழான ஸ்வரம். ஆர்கன் சரியானதும் இவர் பேஸ் வரிசைக்குத் திரும்பிவிட்டார். அறுபதில் வைத்தால் இவருக்கு எட்டும். ஐம்பதில் வைத்தால் எனக்கு எட்டும், இவர் அங்கே வாயைத் திறந்துகொண்டு நிற்பார்.

இவரிடம் கேட்டால் ஐம்பதில் வை என்றுதான் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

குமாரதாஸ் அண்ணனிடம் அறுபது என்று சொல்லிவிட்டேன். நாலாம் சரணம் ஜினிஷா.

அவளிடம் சொன்னபோது, "வேண்டாம் மாமி" என்றாள். திப்பிலி வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு வேளை சாப்பிடு என்றேன். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம்தான். வருத்தம் இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும்.

டிசம்பர் 15, ஞாயிறு

இப்போது நான் ஆல்ட்டோ வரிசை, பெண்களின் கீழ்க்குரல். எனக்குப் பின்னால் நேராகப் பேஸ் வரிசை. கால் வலிக்கிறது, இங்கே நிற்கும் இடம் சரிவு.

டிசம்பர் 23, திங்கள்

ஆபீசில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன். வாழ்த்து அட்டைக் கட்டுகள் மேசையில் ஏறிக் கிடக்கின்றன, யாராவது வந்து பார்த்தால் திட்டுவார்கள்.

நேற்று கேரல் சர்வீஸ். கரண்டு போகவில்லை. சிஜின் எட்டு எண்ணினார், அறுபது. ஜினிஷா நீலப் புடவை. நாலாம் சரணத்துக்கு அவள் முன்னால் வந்து நின்றாள். அவள் ஏறினாள். அந்த இடத்துக்குப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை, அது நல்லது. போய் நின்றாள். சுத்தமாக, சிரமமே இல்லாமல். யாரும் இருமவில்லை.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது. இவருடைய ஸ்வரம். சத்தமாக இல்லை. முதலில் பெஞ்சில்தான் தெரிந்தது, நான் கை வைத்திருந்த மரத்தில். பிறகு காதில். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே கோயிலில் பாடுகிறோம். இந்த மனுஷருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் முன்னால் நின்று என்னைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆல்ட்டோ உள்ளே வரவேண்டிய இடம் வந்தது, போனது. நான் வாயைத் திறக்கவே இல்லை. குமாரதாஸ் அண்ணன் கண்ணாடிக்கு மேலே பார்த்து முறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "ஏட்டி, நாலாம் சரணத்துல நீ பாடவே இல்லியே. என்னாச்சு?"

"உங்களக் கேட்டுக்கிட்டு நின்னுட்டேன்" என்றேன்.

இவர் சட்டையைக் கழற்றி மாட்டினார், மாட்டிய சட்டையை மறுபடி எடுத்து நேராக மாட்டினார். பிறகு ஜன்னல்களைச் சாத்தப் போனார். சாத்திக்கொண்டே, அந்தக் கீழ் ஸ்வரத்தை ஒரு தடவை பாடிப் பார்த்தார்.